பாதி அளவில்

சட்டையைக் கழற்றச் சொன்னால்
பிமுர்ஸா நவேரியானி
முதலில் இடுப்பிலிருந்து
கம்பம் ஏறும் இரும்புக் கொக்கிகளைக் கழற்றி
என் மேசையில் வைக்கிறார்.
பதிவேட்டில் பனி உருகிச் சொட்டுகிறது.

மெஸ்தியா மருத்துவமனையில் இசிஜி எடுப்பவள் நான், ருசுதான்.
இருபத்திரண்டு குளிர்காலமாக
ஸ்வானெத்தி மார்புகளில் பசை தடவுகிறேன்.

மார்பில் ஆறு இடம்.
"ஆறு வயரா? லாதாலி முழுக்க
மூன்றில் கொடுக்கிறேன் நான்."

பேசக்கூடாது, அசையக்கூடாது.
காகிதம் ஓடியது.
ஐந்தாம் இணைப்பில் அலை எழுந்தது,
எழுந்து மேல்வரிசைக்குள் புகுந்து
அங்கே போய்க்கொண்டிருந்த அலையின் காலை இடறியது.
அளவைப் பாதியாக்கினேன்.
பாதி அளவிலும் அது
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கல்கோபுரங்களின் வரிசை.

"மின்னழுத்தம் அதிகம்" என்றேன்.
"எங்கள் வேலையில் அது நல்ல செய்தி."

எப்படிச் சொல்ல.
எத்தனையோ வருடம் நூற்றெண்பதை எதிர்த்துக்
கதவைத் தள்ளித் தள்ளி
இடது கீழறைச் சுவர் தடித்துவிட்டது,
விறகு பிளப்பவன் தோள் போல.
தசை கூடினால் மின்சாரமும் கூடும்.
கூடியது பலமல்ல.
அலையின் வாலைப் பாருங்கள்,
நிமிர்ந்து முடிய வேண்டியது கவிழ்ந்து கிடக்கிறது,
மூட்டையை இறக்கிய பிறகும் நிமிராத முதுகு.

அவர் வாலைப் பார்க்கவில்லை.
நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி
யாரும் பார்க்காத சின்ன மேட்டைப் பார்த்தார்,
பெரிய அலைக்கு முன்னால் வருவதை.
அதன் உச்சியில் ஒரு பள்ளம்.
"இங்கே இரண்டு கம்பம் இருக்கிறது.
ஒன்றுக்கு வந்தது
மற்றதற்குத் தாமதமாக வருகிறது."

ஆமாம். வலது மேலறை, பிறகு இடது.
கீழே வழி இறுகினால் மேலே தேங்கும்.
தேங்கித் தேங்கி இடது விரிந்துவிட்டது,
அங்கங்கே நாராகவும் மாறியிருக்கும்.
நாருக்குள் மின்சாரம் போகாது, சுற்றிக்கொண்டு போகும்.

"தொய்ந்த லைன்" என்றார்.
"காற்றடித்தால் கம்பியும் கம்பியும் உரசும்."

மருத்துவர் இதையே லத்தீனில் எழுதுவார்.

காற்று அடிக்கத்தான் செய்தது.
சின்ன மேடுகள் காணாமல் போயின.
அடிக்கோடு நடுங்கியது,
பெரிய அலைகள் தோன்றிய நேரத்தில் வந்தன,
இரண்டு நெருக்கி, ஒன்று வெகுநேரம் கழித்து.
அப்போது பார்த்து விளக்குகள் அணைந்தன,
அறை, நடைபாதை, எதிர்ப்புறத்து பேக்கரி எல்லாம்.
இயந்திரம் பேட்டரிக்கு மாறியது.
இருட்டில் அந்தப் பச்சைக் கோடு மட்டும்
தாறுமாறாக.

"இது என்னுடையதா" என்று கேட்டார்,
"லைனுடையதா?"

பதினொரு விநாடி.
கோடு ஒழுங்குக்கு வந்தது.
விளக்கு வரவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் மருத்துவர் சொன்னார்:
ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, அழுத்தத்துக்கு இரண்டு.
கம்பம் ஏறக்கூடாது.
உப்பு கூடாது.
"உப்பு நான் தொடுவதே இல்லை. ஸ்வான் உப்புதான்.
பூண்டு இருக்கிறது, சாமந்தி இருக்கிறது..."
கால்சட்டைப் பையில் போன் அடித்தது.
லாதாலி வளைவில் மரம் சாய்ந்திருக்கிறதாம்.
பசையைக்கூடத் துடைக்காமல் சட்டை போட்டார்.
கொக்கிகள் இருந்த இடத்தில்
என் மேசை ஈரமாக இருந்தது.

அதிகாலை மூன்று நாற்பதுக்கு
எங்கள் வீட்டு பல்பு எரிந்தது.
அணைந்தது. எரிந்தது.
இடைவெளிகளை எண்ணினேன், தொழில் பழக்கம்.
சமமாக இல்லை.
பிறகு நின்று எரிந்தது.

யார் ஏறினார்கள் என்று
யாருக்கும் போன் செய்து கேட்கவில்லை.
அறைக்குள் மூச்சு புகையாகத் தெரிந்தது.
ஹீட்டரின் சுவிட்ச் வரை போன கையை
இழுத்துக்கொண்டேன்,
ஒரு வீட்டின் சுமையாவது
இன்றிரவு குறையட்டும் என்று.